தப்பி வந்தவர்களிடம் இன்னும் நாலு கேள்வி கேளுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

படுகொலைகளின் நினைவு நாள் வரும்போதெல்லாம் உயிர் தப்பியவர்களின் பேட்டியைப் போடுகிறீர்கள், விடாமல் வாசிக்கிறேன். ஆனால் எல்லாவற்றிலும் ஒரே கேள்விதான்: அன்று என்ன நடந்தது? அவர் சொல்லி அழுததும் பேட்டி முடிந்துவிடுகிறது. அதற்கு முந்தைய மாதங்களில் என்ன மாறியது, எப்போது கிளம்ப முடிவெடுத்தீர்கள், பத்து வருஷம் கழித்து என்ன தேவைப்பட்டது என்று யாருமே கேட்பதில்லை. புயலுக்கும் வெள்ளத்துக்கும் ஒத்திகை பார்க்கிற நாம், இதற்கு மட்டும் ஒன்றுமே யோசித்து வைக்காமல் இருக்கிறோம்.

ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில், சிறுபான்மைத் துட்சி இனத்தவரை ஹூட்டு இனத் தீவிரவாதிகள் கொல்வது 1994 ஏப்ரலில் தொடங்கியது. ஆனால் துட்சிகளைக் 'கரப்பான்பூச்சி' என்று ஏசிய வானொலி அதற்கு முந்தைய வருடமே வந்துவிட்டது. அடையாள அட்டையில் ஹூட்டு, துட்சி, துவா என்று இனப் பெயர்களை வரிசையாக அச்சடித்து, பொருந்தாததைப் பேனாவால் அடித்துக் கொடுத்திருந்தார்கள். சாலையை மறித்து நின்றவர்கள் தேடியது அடிபடாமல் மிஞ்சிய அந்த ஒரு சொல்லைத்தான். முந்தைய கலவரங்களில் தேவாலயத்துக்குள் ஓடியவர்கள் பிழைத்திருந்தார்கள், அந்த நம்பிக்கையில் இந்த முறையும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் ஓடினார்கள், நியாமாட்டா என்ற ஊரில் தேவாலயத்துக்குள்ளேயே ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றார்கள். போன முறை காப்பாற்றிய இடத்தை நம்பலாமா என்பதைத் தப்பி வந்தவரைத் தவிர யார் நமக்குச் சொல்ல முடியும்?

1983-ல் கொழும்பிலும் 1984-ல் டெல்லியிலும் வீடு தேடி வந்த கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. அதே நாட்களில் கொழும்பில் தமிழர்களை ஒளித்துவைத்த சிங்களக் குடும்பங்களும், டெல்லியில் சீக்கியர்களை ஒளித்துவைத்த இந்துக் குடும்பங்களும் உண்டு. அந்த அக்கம்பக்கத்துப் பழக்கம் அன்றைக்குத் திடீரென்று வந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, அப்புறம்? மீண்டு வருவதைப் பற்றி நாம் பேசுவது இன்னும் மோசம். நிவாரணத் தொகை கொடுத்தாயிற்று, இனி மறந்துவிடுங்கள் என்கிறோம். போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் 1995 ஜூலையில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களையும் பையன்களையும் கொன்று புதைத்த போஸ்னிய செர்பியப் படையினர், பிறகு தடயத்தை மறைக்க அந்தக் குழிகளை இயந்திரத்தால் தோண்டி உடல்களை வேறு இடங்களில் கொட்டினார்கள். அதனால் ஒரே ஆளின் எலும்புகள் பல குழிகளில் கிடைத்தன. உறவினர்களின் ரத்தத்தோடு மரபணுவை ஒப்பிட்டுத்தான் இன்னார் என்று கண்டுபிடித்தார்கள். கிடைத்த இரண்டு மூன்று எலும்பை இப்போதே அடக்கம் செய்வதா, மீதியும் வரட்டும் என்று காத்திருப்பதா என்பதை அந்தத் தாய்கள்தான் முடிவு செய்யவேண்டியிருந்தது. அவர்களிடம் போய் மறந்துவிடு என்று எந்த வாயால் சொல்வது? டெல்லி படுகொலையில் முன்னாள் காங்கிரஸ் எம்.பி. சஜ்ஜன் குமாருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது 2018-ல், 34 வருஷம் கழித்து. அத்தனை வருஷமும் சாட்சிகள் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி நின்றதால்தான் அதுவும் நடந்தது.

அவர்களைத் தொந்தரவு செய்யச் சொல்லவில்லை. பேச விரும்பாதவரை விட்டுவிடுங்கள், பேசுகிறவர் நிறுத்தச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். ஆனால் பேச வருகிறவரிடம் அடுத்த முறை இதையும் கேளுங்கள்: நீங்கள் தட்டியபோது கதவைத் திறந்தவர் யார், அதற்கு முன்னால் அவரை உங்களுக்கு எவ்வளவு தெரியும்?

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்