எஞ்சின் மவுண்ட்டையும் கவனிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கார் அதிர்ந்தாலே எஞ்சினைக் குறைசொல்லும் பழக்கம் மாற வேண்டும். கார் நிற்கையில் நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 750 சுற்றில் ஓடும்போதே, நொடிக்கு 25 முறை எரிபொருள் எரிந்து உந்துகிறது. அந்தச் சிற்றதிர்வு உள்ளே வராதிருக்க, எஞ்சினைக் காரின் சட்டத்தோடு இணைத்துத் தாங்கும் மவுண்ட் மிருதுவாக இருக்க வேண்டும்; மேடுபள்ளங்களில் எஞ்சின் குலுங்கும்போதோ இறுக்கிப் பிடிக்கவும் வேண்டும். வெறும் ரப்பர் இரண்டையும் ஒருசேர நன்றாகச் செய்வதில்லை. ஆகவேதான் ரப்பருக்குள் இரண்டு அறைகள் அமைத்து, கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் கலந்த திரவத்தை நிரப்பி, எஞ்சின் பெரிதாக அசையும்போது அது குறுகிய வளைபாதை வழியே ஓர் அறையிலிருந்து மற்றொன்றுக்குப் பாய்ந்து ஆட்டத்தை அடக்குமாறு செய்திருக்கிறார்கள். எத்தனை அருமையான ஏற்பாடு!

என் காரில் ஸ்டீயரிங் நடுங்கியபோது ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார்கள், நடுக்கம் போகவில்லை. பிறகு டார்ச் அடித்துப் பார்த்தபோது, மவுண்ட்டின் ரப்பர் விரிசல் விட்டு, கருத்த திரவம் அடியில் வழிந்து பிசுபிசுத்திருந்தது. கசிந்த மவுண்ட்டை மாற்றத்தான் வேண்டும். விலை குறைவென்று வெறும் ரப்பர் மவுண்ட்டைப் பொருத்தினால் நடுக்கம் முழுமையாகத் தீராது. ஒவ்வொரு சர்வீஸின்போதும் மெக்கானிக்குகள் இதைப் பார்த்துச் சொல்ல வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்