படி ஏற முடியாதவர்கள் வீட்டுக்குக் கால் பராமரிப்புக்காக நாங்களே வருகிறோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஸ்ரீரங்கத்தில் நம் அழகு நிலையம் தொடங்கி 11 வருஷம் ஆகிறது. மாடிக்கு 18 படி. முதல் நாளிலிருந்து வந்துகொண்டிருந்த பெரியவர்கள் பலர் இப்போது வருவதில்லை. கடைத்தெருவில் பார்த்து விசாரித்தால் எல்லாரும் முட்டியைத் தொட்டுக் காட்டுகிறார்கள். "படி ஏற முடியலைம்மா" என்பதுதான் பதில்.

போன மார்கழியில் அப்படி நின்றுபோன ஒரு மாமியைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வயது 78. பிள்ளைகள் வெளிநாட்டில். பேசிக்கொண்டிருக்கும்போது தற்செயலாகக் காலைப் பார்த்தேன். கட்டைவிரல் நகம் தடித்து, வளைந்து, பக்கத்து விரலின் சதையில் பதிந்திருந்தது. குனிந்து வெட்ட முடியவில்லை, வேலைக்கார அம்மாவிடம் சொல்லக் கூச்சம் என்றார். நான் கீழே உட்கார்ந்ததும் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "என் காலைப் போய் நீ பிடிக்கறதாவது!" சமாதானம் செய்து, வெதுவெதுப்பான துணியைச் சுற்றி நகம் கொஞ்சம் இளகியபின் சிறிது சிறிதாக வெட்டினேன். முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. எழுந்து கூடத்தில் நாலடி நடந்துவிட்டு, "செருப்பு கடிக்கலை" என்றார். இந்த வேலையைத் தொடங்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

பொங்கல் கழிந்ததும் ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் பகுதிகளில் வீட்டுக்கே வந்து பெடிக்யூர், அதாவது பாதத்தையும் கால் நகத்தையும் பராமரிக்கும் வேலை, செய்யப் போகிறோம். நான் அல்லது நம் கடையின் மூத்த பெண், உதவிக்கு இன்னொருவர் என்று எப்போதும் இரண்டு பேராக வருவோம். வயதான ஆண்களுக்கும் செய்வோம். ஆனால் அப்போது வீட்டார் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

காலைக் கவனிப்பது அழகுக்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை. என் அம்மாவுக்குச் சர்க்கரை. பித்தவெடிப்புக்கு உப்பு போட்ட வெந்நீரில் கால் வைப்பது அவர் வழக்கம். ஒருநாள் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருந்திருக்கிறது. பாதம் மரத்துப்போயிருந்ததால் அவருக்குச் சூடே தெரியவில்லை. தோல் கொப்பளித்த பிறகுதான் பார்த்தோம். புண் ஆற இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2023இல் வெளியிட்ட கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல். நீங்கள் பதிவு செய்யும்போது முதல் கேள்வியாகச் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்பேன். தயவுசெய்து தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலை ஊறவைக்க மாட்டோம். கழுவி, விரல் இடுக்குகளை ஈரமில்லாமல் ஒற்றி எடுத்து, நகத்தை ஓரம் வளைக்காமல் நேராக வெட்டி, பாதத்துக்கு மட்டும் க்ரீம் தடவுவோம். விரல் இடுக்கில் க்ரீம் கிடையாது, அங்கே ஈரம் தங்கினால் தோல் ஊறிப் புண்ணாகும். புண், சீழ், நிறம் மாறிய விரல் எது கண்ணில் பட்டாலும் கைவைக்காமல் மருத்துவரிடம் போகச் சொல்லிவிட்டு வந்துவிடுவோம். அன்றைக்குக் காசு வாங்க மாட்டோம். யாராக இருந்தாலும் பிளேடு வைத்துத் தோல் சீவ மாட்டோம், கால் ஆணியைத் தோண்டி எடுக்கவும் மாட்டோம். சிலர் இதற்காக என்னிடம் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள், ஆனாலும் மாற்றிக்கொள்ள எனக்கு மனமில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மருந்துக்கடையில் விற்கும் கால் ஆணி பிளாஸ்திரியில் பெரும்பாலும் தோலை அரிக்கும் அமிலம் இருக்கும். சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதை ஒட்டவே கூடாது.

நகம் மஞ்சளாகித் தடித்து உதிர்ந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். மேலே பாலிஷ் போட்டு மறைக்கச் சொல்லாதீர்கள், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். கால் நகம் முழுதாக மாறி வளர ஒரு வருஷம், ஒன்றரை வருஷம்கூட ஆகும். பொறுமை வேண்டும்.

பார்லரில் இருக்கும், மோட்டார் வைத்துத் தண்ணீரைச் சுழற்றும் ஜெட் டப்பை ஏன் கொண்டுவரவில்லை என்று ஒருவர் கேட்டார். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் ஒரே பார்லரில் பெடிக்யூர் செய்துகொண்ட 100க்கும் மேற்பட்டவர்களுக்குக் காலில் மாதக்கணக்கில் ஆறாத கட்டிகள் வந்தன. தண்ணீரை உறிஞ்சும் வலைக்குப் பின்னால் முடியும் தோலும் சேர்ந்து கிடந்ததில் கிருமி வளர்ந்திருந்தது. முன்னதாகக் காலில் முடி மழித்திருந்தவர்கள்தான் அதிகம் அவதிப்பட்டார்கள். எனவே நாங்கள் கொண்டுவருவது குழாயோ மோட்டாரோ இல்லாத சாதாரண டப், அதில் வீட்டுக்கு ஒரு புது பிளாஸ்டிக் உறை. நாங்கள் வருவதற்கு முந்தின நாள் நீங்களும் காலில் ஷேவிங், வேக்ஸிங் செய்யாதீர்கள்.

நகவெட்டி முதலிய ஸ்டீல் சாமான்களைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, அழுத்த நீராவியால் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவ் கருவியில் 121 டிகிரியில் 20 நிமிஷம் வைத்து, உறையில் மூடி எடுத்து வருவோம். உங்கள் கண்ணெதிரேதான் உறையைப் பிரிப்போம். கிருமி நீக்கப் பார்லர்களில் வைக்கும் நீல விளக்குப் (யு.வி.) பெட்டியை மட்டும் நம்புவதில்லை, வெளிச்சம் படாத இடுக்கில் அது வேலை செய்யாது. அரமும் பியூமிஸ் கல்லும் ஒருவருக்கு ஒன்று, வேலை முடிந்ததும் உங்களிடமே கொடுத்துவிடுவோம்.

கடையில் 500 ரூபாய், வீட்டுக்கு வந்தால் 700. நகம் மட்டும் வெட்ட 300. கூடுதல் பணம் பெட்ரோலுக்கு மட்டும் இல்லை. அவசரப்படாமல் செய்தால் ஒரு நாளைக்கு நாலு வீட்டுக்கு மேல் போக முடியாது, ஐந்தாவது வீட்டை நான் ஒத்துக்கொள்ளப் போவதுமில்லை. 

செவ்வாய், வெள்ளி, அமாவாசையில் வர மாட்டோம். வீட்டில் நகம் வெட்டக் கூடாத நாட்கள் என்று உங்களில் பலர் சொல்லியிருக்கிறீர்கள். ஏகாதசியோ வேறு நாளோ வேண்டாம் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். மற்ற நாட்களில் காலை 9.30 முதல் மாலை 4 வரை, விளக்கு வைப்பதற்குள் முடித்துவிடுவோம். வெட்டிய நகத்தை ஒன்றுவிடாமல் பொறுக்கிக் காகிதத்தில் மடித்து நாங்களே எடுத்துப் போவோம்.

வெளியூரில் இருக்கும் மகன், மகள்கள் பெற்றோருக்காகப் பதிவு செய்யலாம், ஜிபேயில் பணம் அனுப்பலாம். ஆனால் அம்மா அப்பாவின் காலைப் படமெடுத்து அனுப்பச் சொன்னால், முதலில் அவர்களைக் கேட்போம். வேண்டாம் என்றால் அனுப்ப மாட்டோம்.

நீங்கள் தயாராக வைக்க வேண்டியது முதுகு சாயும் நாற்காலி ஒன்று, ஒரு பக்கெட் தண்ணீர், பழைய துண்டு இரண்டு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மாத்திரைச் சீட்டை எடுத்து வையுங்கள். கடையின் பழைய வாட்ஸ்அப் எண்ணுக்கே எழுதலாம். எழுத வராதவர்கள் மிஸ்டு கால் கொடுங்கள், நான் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் அழகு நிலையத்திலிருந்து,
ஸ்ரீரங்கம்