ராணியின் முதுகில் ஜிப்

ஆசிரியருக்கு வணக்கம்.

சரித்திரப் படங்களின் உடைகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 30 வருடமாக நாடகங்களுக்கு உடை தைப்பவன் என்பதால் எழுதுகிறேன்.

போன வாரம் பார்த்த படத்தில் கதை நடப்பது 1780களில். ராணி கோபமாகத் திரும்பி நடக்கிறார். முதுகில் பளபளவென்று ஜிப்! இன்று நாம் போடும் ஜிப்பை கிடியன் சுண்ட்பேக் உருவாக்கியது 1913 வாக்கில்தான். அப்புறம் வசனம் எதுவும் என் காதில் விழவில்லை.

சாயத்திலும் இதே கதைதான்; அந்தக் காலத்தில் இல்லாத செயற்கை நிறங்களைக் காட்டிவிடுகிறார்கள். வில்லியம் பெர்க்கின் என்ற 18 வயதுப் பையன் மலேரியா மருந்தான குயினைன் தயாரிக்கப்போய், தற்செயலாகச் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டது 1856இல். அதற்காகப் பழைய காலத்தவர் எல்லோருக்கும் பழுப்புத் துணியைச் சுற்றிவிடுவதும் தப்பு. அவுரி, மஞ்சிட்டி என்ற சாயச் செடிகள் நல்ல நீலமும் சிவப்பும் கொடுத்தவை.

நானும் யோக்கியன் இல்லை. பொய்ப் பொத்தான்களுக்குப் பின்னால் வெல்க்ரோ என்ற ஒட்டுப் பட்டையை வைத்திருக்கிறேன். நடிகருக்கு உடை மாற்ற ஒரு நிமிடம்கூடக் கிடைக்காதபோது வேறு வழியில்லை. பார்ப்பவருக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான்.

எனக்குப் பொறுக்காதது வேறு. பஞ்சத்தில் அடிபட்ட குடியானவர் சட்டையில் இஸ்திரி மடிப்பு! துணி பழசாகத் தெரிய, டீத்தண்ணீரில் முக்கி, காலர் ஓரத்தை உப்புத்தாளால் நாலு தேய் தேய்த்தால் போதும். அரை மணி நேர வேலை.

இப்படிக்கு,
ஒரு நாடகத் தையற்காரர்