நிவாரணக் கோப்புகளை நகர்த்திய கைகளுக்கு நன்றி

அன்புடையீர்,

சிங்கம்புணரி, திருப்பத்தூர், காரைக்குடி பக்கத்துக் கிராமங்களில் காட்டுமாடு முட்டியும் காட்டுப்பன்றி குத்தியும் அடிபட்டவர்களுக்கும், உயிர் போன வீட்டாருக்கும் நிவாரணம் வந்து சேர உழைத்த எல்லோருக்கும் எங்கள் வணக்கம். யார் செய்த எந்த வேலையால் காசு கைக்கு வந்தது என்று விவரமாகச் சொல்வதுதான் சரியான நன்றி. நாளைக்கு இன்னொரு வீட்டுக்கும் அது உதவும்.

முதல் நன்றி, குளம்புத் தடத்தின்மேல் அலுமினியச் சட்டியைக் கவிழ்த்து வைத்த பிள்ளைகளுக்கு. வனக்காப்பாளர் வருவதற்குள் ஒரு தூறல் போட்டாலும், ஆடு மிதித்தாலும் தடம் அழிந்துவிடும். ஈர மண்ணில் பன்றி நடந்தால் பிளந்த குளம்புக்குப் பின்னால் இரண்டு சின்னக் குழியும் விழும். ஆட்டுத் தடத்தில் பெரும்பாலும் அது இராது. பக்கத்தில் அடி ஸ்கேல் வைத்துப் படமும் எடுத்தீர்கள். சம்பவ இடத்தை நேரில் பார்த்து எழுதும் மகஜரில் ‘ஏதோ ஒரு விலங்கு’ என்று எழுதாமல் ‘காட்டுப்பன்றி’ என்றே எழுத வைத்தது அந்தப் படம்தான்.

அடுத்து, அவசரப் பிரிவு மருத்துவருக்கு. கூட வந்தவர் பதற்றத்தில் “விழுந்துட்டாருங்க” என்று சொன்னதை அப்படியே எழுதாமல், அடிபட்டவரையே கேட்டு, ‘காட்டுப்பன்றி தாக்கியது’ என்று விபத்துப் பதிவேட்டில் பதிந்தீர்கள். அந்த ஒரு வரி தப்பாகிவிட்டால் பிறகு திருத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பன்றிக் குத்து வெளியே இரண்டு விரல் அகலம்தான் தெரியும். உள்ளே தொடைச் சதை கிழிந்து மண் அப்பிக் கிடக்கும். அவசரப்பட்டுத் தையல் போடாமல், சோப்புத் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, ரேபிஸ் கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் மருந்தையும் காயத்தைச் சுற்றிப் போட்டீர்கள். ரேபிஸ் தடுப்பூசிக்கு 0, 3, 7, 28 என்று நாள் தவறாமல் போன் போட்டுக் கூப்பிட்ட செவிலியரம்மா நன்றாக இருக்க வேண்டும்.

எக்ஸ்ரேயை வலியுறுத்தியதும் பெரிய உதவி. மத்திய அரசின் அளவுப்படி இறப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய். 2023 டிசம்பருக்கு முன் அது 5 லட்சம். பலத்த காயத்துக்கு 2 லட்சம், சிறு காயத்துக்கு 25,000 வரை சிகிச்சைச் செலவு. எலும்பு முறிந்திருப்பது காயச் சான்றிதழில் ஏறாவிட்டால் எந்தப் பக்கம் தள்ளுவார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

இறப்பு நடந்த வீடுகளில் உடலை உடனே எடுத்துவிடலாம் என்று சொந்தக்காரர்கள் துடிப்பது இயல்பு. பிரேதப் பரிசோதனை இல்லாமல் கோப்பே பிறக்காது என்று பக்குவமாக எடுத்துச் சொன்ன ஊர்ப் பெரியவர்களுக்கும், காவல் நிலைய எழுத்தருக்கும் நன்றி. வாரிசுச் சான்றிதழுக்கு மனைவி, பிள்ளைகள் பெயரை மட்டும் போட்டு, உயிரோடிருக்கும் தாயை விட்டுவிடுவார்கள். விசாரணையில் அது தெரியவந்ததும் மனு திரும்பிவிடும். இ-சேவை மையத்துத் தங்கச்சி, “அப்பத்தா இருக்காகளா?” என்று முதலிலேயே கேட்டது பல நடையை மிச்சப்படுத்தியது. ஆதாரில் ஒரு இனிஷியல், பாஸ்புக்கில் வேறு இனிஷியல் என்பதையும் கண்டுபிடித்தது அவர்தான்.

மார்கழியில் பால் பிடித்த நெல்லைப் பன்றி உழுதுபோட்ட வயல்களுக்கும் ஒரு வார்த்தை. நம் பக்கத்தில் நிலம் ஒருவர் பேரில் இருக்கும், உழுகிறவர் வேறொருவர். கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் பயிர் ஏறியிருந்தாலும், பட்டாக்காரரின் ஒப்புதல் கடிதம் இல்லாமல் குத்தகைக்காரர் கைக்குப் பணம் வருவது கஷ்டம். சென்னையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் கேட்டவுடன் கையெழுத்துப் போட்டு அனுப்பிய அண்ணன்மார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் எங்கள் நன்றி. அடுத்த போகத்துக்குக் குத்தகை பேசும்போதே அந்தக் கடிதத்தையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அறுப்பு நேரத்தில் உங்களைத் தேட வேண்டியிராது.

இப்படிக்கு,
பாதிக்கப்பட்ட குடும்பங்களும் ஊர் விவசாயிகளும்