கதவில் பெயர்ப்பலகை இல்லாத ஆலோசனை அறை

ஆசிரியருக்கு,

குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வரும் மாணவர் பலர், பாடம் புரியாமலோ கட்டணக் கவலையிலோ தவிக்கும்போது, தம் வளாகத்திலேயே உளவியல் ஆலோசகரும் உதவித்தொகைப் பிரிவும் குறைதீர்ப்புக் குழுவும் இருப்பதை அறியாமலேயே படிப்பைக் கைவிடுகின்றனர். என் மாணவி ஒருவர் அரியர் தாள்கள் சேர்ந்து, இரண்டு பருவங்கள் கழித்தே என்னிடம் வந்தார். ஆலோசனை அறை அவர் நாள்தோறும் ஏறிய மாடிப்படிக்கு அருகில்தான் இருந்தது, ஆனால் கதவில் பெயர்ப்பலகைகூட இல்லை. அதை எண்ணி இன்றும் வருந்துகிறேன்.

2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் மனநல உதவியைத் தமிழிலேயே, கட்டணமின்றி, 14416 என்ற எண்ணில் எந்நேரமும் பெறலாம். இவ்வெண்ணையும் ஆலோசகரின் அறை, நேரம் ஆகியவற்றையும் மாணவர் அடையாள அட்டையின் பின்புறத்திலேயே கல்லூரிகள் அச்சிட்டுத் தர வேண்டும். தயங்கும் மாணவருக்கு அது மட்டும் போதாது; வருகைப்பதிவு குறையத் தொடங்கியதுமே வகுப்பு ஆசிரியர் அவரை ஆலோசகரிடம் நேரில் அழைத்துச் செல்ல வேண்டும்.

ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர்,
திருநெல்வேலி