கேட் மூடிய ஊர்

நீடாமங்கலம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். ஆயுதபூசைக்கு வந்து நீ கோவை திரும்பிய அன்று, ரயில்வே கேட்டில் முக்கால் மணி நேரம் காருக்குள் புழுங்கியதையும், "இந்த ஊரில் கேட்டைத் தவிர வேறு என்னதான் இருக்கிறது?" என்று போனில் கேட்டதையும் உன் அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உன் கோபம் நியாயமானது. கேட்டில் ஆம்புலன்ஸ் நிற்பதைப் பார்த்தால் எனக்கும் வயிறு எரியும். மேம்பாலம் கேட்டு எழுதிய மனுக்களில் என் கையெழுத்தும் உண்டு. ஆனாலும் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நம் ஊர் முதலில் ஆறு பிரியும் ஊர். ரயில் பிரிந்தது பிறகுதான். பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று தண்ணீர் மூன்றாகப் பிரிந்து போவதைச் சிறுவயதில் உன்னைச் சைக்கிளில் வைத்துக் காட்டியிருக்கிறேன். அந்தத் தண்ணீர் பாயும் வயல்களுக்கு நடுவே, நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861இல் பாதை போடப்பட்டது; மறு வருடமே அது திருச்சியைத் தொட்டது. அப்போது போட்டது அகலப்பாதை. 1875இல் அதைக் குறுக்கி மீட்டர்கேஜ் ஆக்கினார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேல் சென்ற பிறகு நம் காலத்தில் மறுபடியும் அகலமாக்கி, அதற்கு முன்னேற்றம் என்று பெயர் வைத்தோம். இதை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

மன்னார்குடிக் கிளையின் கதைதான் நம் குடும்பத்துக்கு நெருக்கமானது. தஞ்சாவூர் ஜில்லா போர்டு, ரயில் பாதை போடுவதற்கென்றே நிலவரியில் ரூபாய்க்கு 3 தம்பிடி கூடுதலாக வசூலித்தது. மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு 1894இல் பாதை வந்தது அப்படித்தான். பின்னர் 1915இல் நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடிக்கும் ரயில் ஓடியது. ஆகவே இந்தப் பக்கத்து ரயிலை வெள்ளைக்காரன் கொடுத்தான் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதே; மிராசுதாரும் சிறு விவசாயியும் கட்டிய தம்பிடி அதில் இருக்கிறது. அந்தக் கிளையை வருமானம் போதவில்லை என்று 1976இல் நிறுத்தினார்கள். தண்டவாளம் இருந்த மேட்டில் ஆடு மேய்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். 35 ஆண்டுகள் கழித்து, 2011 செப்டம்பரில், ரயில் திரும்பி வந்தபோது ஊரே நிலையத்தில் நின்றது. நீயும் என் தோள் உயரத்துக்கு எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாய். இப்போது நீ திட்டுகிற தாமதத்தில் ஒரு பங்கு அந்த மகிழ்ச்சியின் கணக்கில்தான் வருகிறது: மன்னார்குடி போகும் சில ரயில்களுக்கு இங்கே இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்ட வேண்டியிருக்கிறது. அது முடியும்வரை கேட் திறக்காது.

இன்னொரு பங்கு நெல். நான் ரைஸ் மில்லில் கணக்கெழுதிய நாட்களில் குத்தூசி என் கையிலேயே இருக்கும். மூட்டையில் குத்தி இழுத்தால் அதன் பள்ளத்தில் பத்துப் பதினைந்து நெல் வரும். உள்ளங்கையில் தேய்த்து உமியை ஊதிவிட்டு ஒன்றைப் பல்லில் கடித்தால், 'டக்' என்று உடைவது காய்ந்தது, நசுங்குவது ஈரம். நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972இல் வந்த பிறகு, நேரடிக் கொள்முதல் நிலையங்களில் வாங்கும் நெல் லாரி லாரியாக நம் நிலையத்துக்கு வந்து, கூட்ஸில் ஏறி, வேறு மாவட்டங்களுக்கு அரவைக்குப் போகிறது. ஒரு கூட்ஸில் 1,000 டன் போகிறது என்று வைத்துக்கொள். 40 கிலோ சிப்பமாகக் கணக்கிட்டால் 25,000 சிப்பம். அத்தனையும் லாரியிலிருந்து வேகனுக்கு மனிதர்களின் தலையிலும் முதுகிலுமாகத்தான் மாறுகிறது. துண்டைச் சும்மாடாகச் சுருட்டி வைத்துக்கொண்டு, பலகையில் ஏறி இறங்கி, நெல் தூசியில் இமை வெளுத்துப்போய், பகல் பதினொரு மணிக்கு ஒரு டீக்காக உட்காரும் அவர்களை நீ கேட்டின் இந்தப் பக்கமிருந்து பார்த்ததில்லை.

பெருமையை மட்டும் எழுதினால் அது முழுக்கதை ஆகாது. ரயில் வந்து முக்கால் நூற்றாண்டு கழிந்த பிறகு, 1937 டிசம்பரில், இதே ஊரில் நடந்த ஒரு மாநாட்டின் விருந்தில் மற்றவர்களோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதற்காக ஆதிதிராவிடர்கள் அடிக்கப்பட்டு, மொட்டையடிக்கப்பட்டு, சாணிப்பால் குடிக்க வைக்கப்பட்டார்கள். வயலில் நெல்லை விளைவித்த கைகளுக்கு இலை போட ஊருக்கு மனம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் உனக்கு இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வீட்டில் நானும் சொல்லாமல் விட்டது என் தவறு.

பொங்கலுக்குக் காரில் வராதே. செம்மொழி எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் இங்கே இறங்கிவிடலாம். நான் நிலையத்துக்கு வந்து நிற்பேன். அன்றைக்குக் கேட் உனக்காக மூடியிருக்கும். அந்தப் பக்கம் காருக்குள் யாராவது நம் ஊரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

அன்புடன்,
அப்பா