பிரிக் லேன் சுவர்களும் நீயும்

அன்புள்ள முருகேசா,

மகள் வீட்டில் சாப்பாடும் தூக்கமுமாக வண்டி ஓடுகிறது, குளிர்தான் ஆளைக் கொல்கிறது, மற்றபடி சுகம். உன் முழங்காலுக்கு டாக்டரைப் பார்த்தாயா இல்லையா, அதை முதலில் எழுது.

இந்தக் கடிதம் முழுக்க முழுக்கச் சுவரில் படமும் எழுத்தும் தீட்டுகிற உன் தொழில் பற்றியது. போன சனிக்கிழமை மகள் என்னைக் கிழக்கு லண்டனில் பிரிக் லேன், ஷோர்டிச் பக்கம் சுவரோவியங்களைக் காட்டும் ஒரு நடைச் சுற்றுலாவில் சேர்த்துவிட்டாள். ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் சந்தைக்குப் பக்கத்தில் மரப்பெட்டிகளின் மேல் ஒரு வெள்ளை ஆடு நிற்கிற சிலை இருக்கிறது, அங்கேதான் கூடினோம். வழிகாட்டிப் பெண் தானும் ஸ்ப்ரே கேன் பிடிப்பவள். நகக்கண்ணில் பச்சைப் பெயின்ட் அப்பியிருந்ததைப் பார்த்ததும், சரி, இவள் நம்ம முருகேசன் ஆள்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

மூன்று மாடிச் சுவரில் முகத்தின் அளவு எப்படித் தப்பாமல் வருகிறது என்று அவளிடம் கேட்டேன். நீ நூல் அடித்து, கட்டம் போட்டுப் பெரிதாக்குவாயே, இங்கே பல பேர் அதைச் செய்வதில்லையாம். வெறும் சுவரில் முதலில் கைக்கு வந்ததைக் கிறுக்கிவிடுகிறார்கள், எழுத்து, சுழி, பெருக்கல் குறி, எதுவானாலும் சரி, ஒன்றைப் போல் இன்னொன்று இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அந்தச் சுவரைப் போனில் படம் பிடித்து, வரைய வேண்டிய படத்தை அதன்மேல் மெல்லிசாக ஏற்றிப் பார்த்தால் மூக்கு நுனி எந்தச் சுழிக்குப் பக்கத்தில், கண் எந்த எழுத்தின் காலடியில் என்று தெரிந்துபோகும். அப்புறம் சாரத்தில் ஏறி முகத்தைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாலும் வழி தப்பாது. கட்டத்தில் ஒரு வரிசை மாறிப்போய் நீ தலையில் அடித்துக்கொள்வது நினைவுக்கு வந்தது.

ஹான்பரி தெருவில் பல மாடி உயரத்துக்கு ஒரு நாரை நிற்கிறது, கறுப்பு வெள்ளையில், இறகு இறகாக. பெல்ஜியத்துக்காரர் ரோவா 2010இல் வரைந்தது. அவர் தொடங்கியது வேறொரு வகைக் கொக்கைத்தானாம். அங்கே குடியிருக்கும் வங்காளிகள் வந்து, இது நாரையா, எங்களுக்கு அது புனிதமாயிற்றே என்று கேட்கவும், நாரையாகவே மாற்றிவிட்டார் என்கிறார்கள். பிரின்ஸ்லெட் தெருவில் ஸ்டிக் என்பவர் வரைந்த குச்சி மனிதர்கள் இரண்டு பேர், ஒருத்தி கண் மட்டும் தெரிய முகம் மூடியவள், கைகோத்து நிற்கிறார்கள். ஆறு கோடு, இரண்டு புள்ளி, அதற்குள் ஒரு ஆள். அந்த ஸ்டிக் ஒரு காலத்தில் வீடில்லாமல் இருந்தவர். கூரைகளின் மேல் கலர் கலராகக் காளான் சிலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள், அதை நான் அவ்வளவாக ரசிக்கவில்லை.

நீ கேட்கப்போவது தெரியும், சுவர் யாருடையது? அனுமதி இல்லாமல் வரைந்தால் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், ஆனால் பல கடைக்காரர்களே கூப்பிட்டுச் சுவரைக் கொடுக்கிறார்கள். நம் ஊரில் தேர்தல் வந்தால் கட்சிக்காரன் வெள்ளையடித்து, கட்சிப் பேரையும் வருஷத்தையும் எழுதிச் சுவரைப் பிடித்துவைத்துக்கொள்வானே, அது இங்கே நடக்காது. எவன் வேண்டுமானாலும் எதன்மேலும் வரையலாம், முன்பு இருந்ததைவிட நன்றாக வரையத் தெரிந்தால் மட்டும் அழி என்பதுதான் இவர்களுக்குள் பேச்சு. 2023 ஆகஸ்டில் சில சீன மாணவர்கள் ஒரு நீளச் சுவர் முழுக்க இருந்த ஓவியங்களை வெள்ளையடித்து மறைத்து, சீன அரசின் 12 சோஷலிச விழுமியங்களைச் சிவப்பு எழுத்தில் எழுதிவிட்டார்கள். உடனே மற்றவர்கள் வந்து பக்கத்திலும் மேலேயும் சீன அரசைத் திட்டி எழுத, கடைசியில் நகராட்சி எல்லாவற்றையும் சேர்த்து வெள்ளையடித்தது. என்னைக் கேட்டால் அந்தச் சண்டைதான் அந்தத் தெருவின் உயிர். ரிவிங்டன் தெருவில் பேங்க்ஸி என்கிற பேர்போன தெரு ஓவியரின் ஓவியம் இருக்கிறது, பூடில் நாயோடு ஒரு காவலாளி, அதைக் கண்ணாடிபோல் ஒரு பலகை அடித்து மூடி வைத்திருக்கிறார்கள். எல்லாரும் அதைத்தான் போட்டி போட்டுப் படமெடுத்தார்கள், எனக்கு நகைக்கடை ஷோகேஸைப் பார்த்த மாதிரி இருந்தது.

உனக்கு வயிறு எரியப்போகிற விஷயம் இனிமேல்தான். ஒரு பெரிய சுவரில் பிரமாதமான படம், கிட்டே போனால் ஓரத்தில் ஒரு பெரிய கம்பெனியின் பெயர். விளம்பரம்! பிரிண்ட் இல்லை, ஆட்கள் சாரம் கட்டி பிரஷ்ஷால் தீட்டியது, அதற்கென்றே இங்கே கம்பெனிகள் இருக்கின்றன. கையால் எழுதினால்தான் ஜனங்கள் நின்று பார்க்கிறார்களாம். வழிகாட்டிக்கு அது பிடிக்கவில்லை, தெருக்கலையை விலைக்கு விற்கிறார்கள் என்று முணுமுணுத்தாள். நான் அவள் பக்கம் சேரவில்லை. ஃப்ளெக்ஸ் வந்ததும் பிரஷ்ஷைக் கழுவி வைத்தவனை எனக்குத் தெரியும், கூலி வாங்கிச் சுவரில் எழுதுவது கலை இல்லை என்று அவன் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வராது.

போட்டோக்களை உன் பேரன் நம்பருக்கு அனுப்பியிருக்கிறேன், பெரிதாக்கிப் பார். பங்குனிக்குள் ஊருக்கு வந்துவிடுவேன். ஸ்ப்ரே கேனை விமானத்தில் ஏற்றவிட மாட்டார்கள், அதனால் அதைக் கேட்காதே, வேறு ஏதாவது வேண்டுமென்றால் எழுது.

உன்,
சேகர்